மூன்று கழுத்துகள்

என் மனைவி ஜூடித் முழு உடல்நலத்தோடு இறந்தாள். வைட்ஹால் அரண்மனையின் திருத்தொடுகைப் பதிவகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.

அவளுக்குக் கழுத்தில் கட்டிகள் வந்தன. வைத்திய நூல்களில் அதன் பெயர் கண்டமாலை. நாங்கள் அரச நோய் என்போம். அரசர் தொட்டால் போய்விடும் என்பதால் அந்தப் பெயர். அரசர் தொட்டால்தான் வரும் என்று மெய்ட்ஸ்டோன் சந்தையில் ஒருவன் வேடிக்கையாகச் சொன்னான். அப்போது அவனுக்கு இரண்டு காதுகள் இருந்தன.

போன வருஷ ஈஸ்டருக்கு மறுநாள் மன்னர் அவளைத் தொட்டார். வெள்ளை நாடாவில் கோத்த பொற்காசு ஒன்றைக் கழுத்தில் போட்டார். காசைக் கழற்றினால் நோய் திரும்பும் என்றார்கள். அவள் தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை. நவம்பரில் காசோடுதான் புதைத்தோம்.

பதிவகத்துக்குக் கடிதம் எழுதினேன். புகார் அல்ல. தகவல் தெரிந்தால் திருத்திக்கொள்வார்கள் என்று நினைத்தேன். கேம்பிரிட்ஜில் மூன்றாண்டு படித்தவனுக்கு இப்படிப்பட்ட நினைப்புகள் வரும். பதில் வந்தது: ‘மேற்படியார் குணமடைந்தது பதிவாகியுள்ளது. குணமடைந்தவர்கள் அதன்பின் என்ன செய்கிறார்கள் என்பது இப்பதிவகத்தின் பொறுப்பல்ல.’

பிப்ரவரியில் எங்கள் மகள் ஹெஸ்டருக்குக் காதின் கீழே புறா முட்டை அளவில் ஒரு கட்டி எழுந்தது.

அவளுக்கு ஐந்து வயது. ஜூடித் போனபின் பக்கத்து வீட்டுக்காரிதான் அவளுக்குத் தலை வாரினாள், சட்டை மாட்டினாள். நான் பள்ளியில் லத்தீன் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்வேன். அடுப்பு எரிந்தால் அதைப் பார்ப்பேன். எரியாவிட்டாலும் அதையே பார்ப்பேன். கட்டியைக் கண்டுபிடித்ததும் பக்கத்து வீட்டுக்காரிதான்.

"வாத்தியாரே, உங்க வீட்டம்மாவுக்கும் இந்த இடத்துலதானே ஆரம்பிச்சுது?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

மன்னரின் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வேறு கை எதுவும் தெரியாது. சும்மா உட்கார்ந்து பார்ப்பதைவிடப் பயனில்லாத ஒன்றைச் செய்வது எளிதாக இருந்தது.

*

முதலில் பங்குப் பாதிரியாரின் சான்றிதழ் வேண்டும். நோயாளியை மன்னர் இதற்குமுன் தொட்டதில்லை என்று அவர் எழுதித் தர வேண்டும். ஒரு கழுத்துக்கு ஒரு தொடுகை. மறுபடி வருகிறவர்கள் காசுக்காக வருகிறவர்கள். முதல் தொடுகையில் குணமாகாமல் வருகிறவர்கள் என்று யாரும் இல்லை.

எங்கள் பாதிரியார் பிளண்ட் மனச்சாட்சிக்குப் பயந்தவர். இறகுப் பேனாவைக் கையில் எடுத்துவிட்டு நிறுத்தினார்.

"நிச்சயமா இவள மன்னர் தொட்டதில்லையே?"

"அஞ்சு வயசு, ஐயா. மெய்ட்ஸ்டோன் எல்லையைத் தாண்டினதில்ல."

"நாலு வருஷம் முன்னாடி மன்னர் இந்தப் பக்கம் வேட்டைக்கு வந்தாரே."

"இவ அப்போ தொட்டில்ல இருந்தா."

"தொட்டில் எங்க இருந்துச்சு?"

"வீட்டுக்குள்ள."

"சன்னல் திறந்திருந்துச்சா?"

மூடியிருந்தது என்று சொன்னபின் எழுதினார். ‘இச்சிறுமியை இதுநாள்வரை எந்த மன்னரும் தொடவில்லை, சன்னல் வழியாகவும் தொடவில்லை.’ சபை மூப்பர்கள் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவருக்கு எழுதத் தெரியாது. இன்னொருவருக்குக் கண் தெரியாது. இருவரும் தொட்டில் தங்களுக்கு நினைவிருப்பதாகச் சொன்னார்கள்.

*

லண்டனுக்கு இரண்டு நாள் நடை. பாதி வழி அவள் நடந்தாள். மீதி வழி ஒரு சுண்ணாம்பு வண்டியில் ஏறிக்கொண்டோம்.

அரண்மனை ரண வைத்தியர் சர் ஹம்ஃப்ரியின் வீட்டு வாசலில் நானூறு பேர் நின்றார்கள். உண்மையிலேயே அரச நோய்தானா என்று அவர் பார்த்துச் சொன்னால்தான் சீட்டு. எங்களுக்கு முன்னால் ஒரு பருத்த பெண் கவிழ்த்த கூடையின்மேல் உட்கார்ந்திருந்தாள். உடையில் விலாங்கு மீன் வாடை. பெயர் மார்ஜரி.

"முதல் தடவையா, வாத்தியாரே?" என்றாள்.

"நான் வாத்தியார்னு எப்படித் தெரியும்?"

"சான்றிதழ இத்தனை தடவ படிச்சுப் பாக்கறவன் வேற யாரு? எனக்கு இது மூணாந்தடவ. டெப்ட்ஃபோர்டு பங்குல நான் மார்ஜரி. ரோதர்ஹித்துல ஆக்னஸ். இன்னிக்கு யாருன்னு தாளைப் பாத்துத்தான் சொல்லணும்."

"அப்போ குணமாகலையா?"

"நல்லா கேட்ட போ! இந்தக் கட்டி ஒண்ணுதான்யா என்ன ஒழுங்கா வச்சுக் காப்பாத்துது. புருசன் போனான், படகு போச்சு. இது போகல." ஹெஸ்டரின் கழுத்தைக் குனிந்து பார்த்தாள். அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "குட்டி, உனக்கு இது வேணாம்டி. உனக்குப் போயிடட்டும்."

கூடையிலிருந்து விலாங்குப் பணியாரம் ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தாள். ஹெஸ்டர் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். ஜூடித் இருந்திருந்தால் பாதியைத் தனக்குக் கேட்டிருப்பாள்.

உள்ளே சர் ஹம்ஃப்ரி ஹெஸ்டரின் கழுத்தை ஒரு வெள்ளிக் குச்சியால் அழுத்தினார். பக்கத்து மேசையில் எழுத்தர் டிக்பி. மெலிந்த மனிதர். முகத்தில் எதுவும் இல்லை. ஒவ்வொரு வரி எழுதியதும் வலப்பக்கம் இருந்த தகர டப்பாவை எடுத்து ஈர மையின்மேல் மணல் தூவுவார். டப்பாவைச் சரியாக அதே இடத்தில் வைப்பார்.

"அரச நோய்தான். சந்தேகமில்ல" என்றார் சர் ஹம்ஃப்ரி. "எழுதும், டிக்பி. நல்ல நோய். ரொம்ப அதிகமும் இல்ல, ரொம்பக் குறைச்சலும் இல்ல. வாத்தியாரே, உம்ம பொண்ணு அதிர்ஷ்டக்காரி. அதிகமா இருக்கறவங்கள நான் அனுப்பறதில்ல. மன்னர் கண்ணுக்கு அருவருப்பு. குறைச்சலா இருக்கறவங்களையும் அனுப்பறதில்ல. மன்னர் கைக்கு அவமதிப்பு."

"அதிகமா இருக்கறவங்க என்ன செய்வாங்க, ஐயா?"

"அது அவங்க சொந்த விஷயம். இத்தனை வருஷத்துல மன்னர் தொட்டுக் குணமாகாதவங்க ஒருத்தர்கூட இல்ல, தெரியுமா? ஒருத்தர்கூட!"

"குணமாகாதவங்க?"

"அவங்களுக்கு இருந்தது அரச நோயே இல்ல. வேற ஏதோ நோய்."

"அது எப்படித் தெரியும்?"

"குணமாகலையே!" என்றார். என் படிப்பைப் பற்றி அவருக்குச் சந்தேகம் வந்தது தெரிந்தது.

டிக்பி பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். "தோர்ன். மெய்ட்ஸ்டோன். இதே பேர்ல போன வருஷம் ஒண்ணு இருக்கு. ஜூடித் தோர்ன். குணம்."

"என் மனைவி" என்றேன். "நவம்பர்ல இறந்துட்டா."

பேனா நின்றது.

"எதுல இறந்தாங்க?" என்றார் சர் ஹம்ஃப்ரி.

"இதுலதான்."

"இருக்க முடியாது. அது ஈஸ்டருக்கு மறுநாளே போயிடுச்சு. பதிவாயிருக்கு. காசைக் கழட்டினாங்களா?"

"இல்ல. கழுத்துல போட்டபடியே புதைச்சோம்."

அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீரா! அப்படின்னா நோய் திரும்பி வர வழியே இல்ல. சாகும்போது அவங்க முழு ஆரோக்கியமா இருந்திருக்காங்க. நீர் படிச்சவர். ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடும். இல்லன்னா பாரும், குணமாகாத தாயோட பிள்ளைன்னு ஆயிடும். குணமாகாத தாய்ன்னு யாரும் கிடையாது. அப்போ இந்தப் பிள்ளையும் கிடையாது. இல்லாத பிள்ளைக்கு டிக்பி எப்படிச் சீட்டு எழுதுவார்?"

ஹெஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து விரல்களை நக்கிக்கொண்டிருந்தாள். நான் எழுதினேன். டிக்பி மணல் தூவினார். நான் பார்க்காதபோது அவர் என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

ஈஸ்டருக்கு மறுநாள் தேதியிட்ட சீட்டும், விதிகள் அச்சிட்ட ஒரு தாளும் தந்தார். விதி ஒன்பது: திருக்கரத்துக்கு அருவருப்பு நேராதபடி, மன்னரின் சமுகத்துக்கு வரும் நாள்வரை, நோயாளியின் கழுத்தை நாள்தோறும் காலையும் மாலையும் வெதுவெதுப்பான உப்புநீரால் கழுவ வேண்டும், குழந்தைகளுக்கு இதைப் பெற்றோர் தம் கையாலேயே செய்ய வேண்டும், வேலையாட்களையும் அண்டை வீட்டாரையும் நம்பலாகாது.

ஆறு வாரம் கழுவினேன். முதல் நாள் தண்ணீர் சூடு அதிகம். மறுநாள் ஆறிப்போய்விட்டது. "அம்மா முழங்கையில ஊத்திப் பாப்பா" என்றாள் ஹெஸ்டர். மூன்றாம் நாள் முழங்கையில் ஊற்றிப் பார்த்தேன்.

*

விருந்து மண்டபம் முழுக்கக் கழுத்துகள். இருநூறுக்கும் மேல். வாடை தெரியாமலிருக்கக் காவலர்கள் மூக்கில் கிராம்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். மன்னர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சமுகத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது விதி ஒன்று.

இரண்டு வைத்தியர்கள் ஆளாளாகக் கொண்டுபோய் மண்டியிட வைப்பார்கள். மன்னர் இரு கைகளாலும் கழுத்தைத் தடவுவார். அரண்மனைக் குரு வேத வசனம் ஒன்றை வாசிப்பார். அடுத்த ஆள். அதே வசனம். நூறாவது கழுத்தில் குரு பாதி வசனத்தோடு நிறுத்திக்கொண்டார். நூற்றைம்பதில் முதல் எழுத்து மட்டும் கேட்டது.

ஹெஸ்டரால் தனியாக நடக்க முடியவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். தூக்கிக்கொண்டு போய் அவளோடு சேர்ந்து மண்டியிட்டேன். மன்னர் பக்கத்திலிருந்த பிரபுவிடம் தம் நாய் குட்டி போட்டதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழு குட்டி, ஒன்று மட்டும் வெள்ளை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பியபடியே கைகளை நீட்டினார். ஹெஸ்டர் பயந்து என் மார்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கைகள் ஒரு கழுத்தைத் தேடின. என் கழுத்து கிடைத்தது.

நன்றாகவே தடவினார். கை மென்மையாக இருந்தது. ஆரஞ்சுத் தோல் வாசனை அடித்தது. என்னால் வாய் திறக்க முடியவில்லை. விதி ஒன்று. வைத்தியர்கள் என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நகர்த்தினார்கள். அடுத்த சுற்றில் பொற்காசும் என் கழுத்தில் விழுந்தது. ஒரு பக்கம் கப்பல், ஒரு பக்கம் பாம்பை மிதிக்கும் தேவதூதன். ஜூடித்தோடு புதைத்ததும் இதே தேவதூதன்தான்.

வெளி அறையில் டிக்பி பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, குழந்தையத் தொடலை. என்னைத் தொட்டுட்டார்."

"சீட்டு எண் இருநூத்திப் பதினாலு. தோர்ன். ஒரு கழுத்து." சீட்டைக் கிழித்தார். "தொட்டாச்சு. உபயோகிச்ச சீட்டுக்கு மறு சீட்டு கிடையாது. கழுத்தைக் காட்டுங்க."

காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"கட்டி இல்ல."

"இருந்ததே இல்லையே."

அந்த நேரம் பார்த்து சர் ஹம்ஃப்ரி வந்துவிட்டார். வெள்ளிக் குச்சியால் என் கழுத்தை நாலு பக்கமும் குத்திப் பார்த்தார். அவர் கண் கலங்கியது.

"டிக்பி! இதைப் பாரும்! தழும்புகூட இல்ல! முப்பது வருஷ உத்தியோகத்துல இப்படி ஒரு குணத்த நான் பாத்ததே இல்ல. தொட்ட மாத்திரத்துல!"

"ஐயா, எனக்கு நோயே—"

"அதத்தான் நானும் சொல்றேன். நோயே இல்ல!"

பிரெஞ்சுத் தூதர் அன்று அரண்மனையில் இருந்தார். அவர்கள் மன்னரும் தொடுகிறவர்தான். ஒரே நாளில் இரண்டாயிரம் பேர் என்று அவர் மதிய விருந்தில் பீற்றிக்கொண்டதாகப் பேச்சு. என் கழுத்தை அவருக்குக் காட்ட வேண்டும் என்றார் சர் ஹம்ஃப்ரி. காட்டினால் குழந்தைக்கு வேறொரு சீட்டு எழுதுவதாகவும் சொன்னார். கோடையில் வாடை தாங்காது என்பதால் மன்னர் தொடுவதில்லை. சீட்டு அக்டோபருக்கு.

தூதர் கையுறையோடு என் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இங்கே கட்டி இருந்ததா?"

"இப்போ இல்லைங்க" என்றேன்.

"வலி?"

"இப்போ இல்லைங்க."

"எங்கள் மன்னர் தொட்டால் கொஞ்சம் வடுவாவது மிஞ்சும்" என்றார் தூதர், ஒப்புக்கொள்ள மனமில்லாமல். சர் ஹம்ஃப்ரி தலை வணங்கினார். ஒரு போரில் வென்றதுபோல இருந்தது அவர் முகம்.

வாசலில் மார்ஜரி நின்றாள். மூன்றாவது காசு கழுத்தில் மின்னியது. நடந்ததைச் சொன்னேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"யோவ் வாத்தியாரே! மூணு தடவ தொட்டும் எனக்கு இது போகல. உனக்கு வர்றதுக்கு முன்னாடியே போயிடுச்சு பாரு. அதுக்குத்தான்யா படிக்கணுங்கறது."

ஹெஸ்டரும் சிரித்தாள். எதற்கென்று தெரியாமல்தான். நவம்பருக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு.

*

விதி ஒன்பது, சமுகத்துக்கு வரும் நாள்வரை கழுவச் சொல்கிறது. சமுகம் அக்டோபருக்குப் போய்விட்டது. எனவே கழுவினேன்.

காலையில் பள்ளிக்குப் போகுமுன் ஒரு முறை. வந்ததும் ஒரு முறை. அவள் முக்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்ப்பாள். பாட்டுப் பாடச் சொன்னாள். எனக்குப் பாட்டுத் தெரியாது. லத்தீன் வினைச்சொற்களைச் சொன்னேன். பத்து நாளில் அவளும் சொல்ல ஆரம்பித்தாள். அவளுடைய கந்தல் பொம்மைக்குக் கழுத்தைக் கழுவி, தப்பாகச் சொன்னதற்காகத் திட்டவும் செய்தாள்.

ஜூனில் கட்டி உடைந்தது. மூன்று வாரம் வடிந்தது. நான் நாற்காலியில் உட்காருவதை விட்டுவிட்டேன். துணி கொதிக்க வைக்கவே நேரம் சரியாக இருந்தது. ஜூலையில் காய்ந்தது. ஆகஸ்ட் கடைசியில் பார்த்தபோது நகக்கீறல்போல ஒரு தழும்பு மட்டும் இருந்தது.

சில கட்டிகள் தாமாகவே ஆறும் என்று ஊரில் சொல்வதுண்டு. உப்புநீரால் ஆறியதா, தானாக ஆறியதா, எனக்குத் தெரியாது. மன்னர் தொட்ட நாளிலிருந்து ஜூடித்தின் கழுத்தை யாரும் கழுவவில்லை. அவளைத் தொட்டபின் கழுவக் கூடாது, தொடுகை அழிந்துவிடும் என்றார்கள். நான் அதைப் பற்றி நிறைய யோசிப்பதில்லை. இரவில் கொஞ்சம் யோசிப்பேன்.

விதி பதினேழு: பயன்படாத சீட்டைக் காரணத்தோடு திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பினேன். காரணம்: ‘குழந்தை குணமாகிவிட்டது. நன்றி.’

பத்தாம் நாள் குதிரையில் ஒருவன் வந்தான். என்னையும் குழந்தையையும் உடனே வரச் சொல்லி உத்தரவு.

*

வைட்ஹால் வாசலில் மார்ஜரி விலாங்கு விற்றுக்கொண்டிருந்தாள். உத்தரவைக் காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது, முத்திரை தெரியும்.

"என்ன பண்ணித் தொலைச்ச?"

"சீட்டைத் திருப்பி அனுப்பினேன். குணமாயிடுச்சுன்னு எழுதினேன்."

"அட பாவி மனுசா! அந்த வார்த்தைய அவங்கதானே எழுதணும்? நீ எழுதலாமா?" ஹெஸ்டரின் தாடையை நிமிர்த்திக் கழுத்தைப் பார்த்தாள். கட்டைவிரலால் தழும்பை ஒரு முறை தடவினாள். ஒரு பணியாரம் கொடுத்தாள். பிறகு, "உள்ள போனா வாத்தியார்தனம் பண்ணாத. அவங்க சொல்றதுக்கெல்லாம் ஆமான்னு சொல்லிட்டுப் பிள்ளையோட வெளிய வா. பிள்ளையோட. கேட்டுச்சா?"

உள்ளே அதே அறை. சர் ஹம்ஃப்ரி வெள்ளிக் குச்சியால் தழும்பைத் தொட்டார். இந்த முறை அழுத்தவில்லை.

"யார் தொட்டது?"

"யாரும் தொடலைங்க."

"தொடாம குணமாகாது. எந்த இளவரசராவது ரகசியமா ஊருக்கு வந்தாரா? பட்டத்துக்கு உரிமை கொண்டாடுற ஆள் யாராவது?"

"மெய்ட்ஸ்டோனுக்கு அப்படி யாரும் வர்றதில்லைங்க."

"பின்ன யாரோட கை பட்டுச்சு?"

"என் கை. விதி ஒன்பதுப்படி கழுவினேன்."

சர் ஹம்ஃப்ரி கதவைச் சாத்தினார்.

"வாத்தியாரே, கையால தொட்டு இந்த நோயைக் குணப்படுத்த இந்த நாட்டுல ஒருத்தராலதான் முடியும். அபிஷேகம் ஆனவரால. அந்தக் கை உமக்கு இருக்குன்னா, சிங்காதனமும் உமக்குத்தான். கேக்கறீரா?"

"எதை?"

"சிங்காதனத்தை."

"வேண்டாங்க."

"எழுதும், டிக்பி."

‘சிங்காதனம் வேண்டாம் என்றார்’ என்று டிக்பி எழுதினார். மணல் தூவினார்.

மார்ஜரி சொன்னது நினைவிருந்தது. ஆனாலும் தர்க்கம் படித்தவன். "ஐயா, மன்னர் என்னைத் தொட்டார் இல்லையா? அந்த சக்தி என் வழியா குழந்தைக்குப் போயிருக்கலாம்."

சர் ஹம்ஃப்ரியின் முகம் விளக்கேற்றியதுபோல ஆயிற்று. "ஆகா! தொட்டவனைத் தொட்டாலே குணம்! மன்னரோட மகிமைய இதுவரை நாமளே குறைச்சுல்ல மதிப்பிட்டோம்! டிக்பி, இதைப் பெரிய எழுத்துல—"

டிக்பி இருமினார். "ஐயா, போன வருஷம் மட்டும் நாலாயிரம் பேரைத் தொட்டிருக்கோம். ஆளுக்கு ரெண்டு கை."

"அதனால?"

"வாசல்ல விலாங்கு விக்கறவளை மூணு தடவ தொட்டிருக்கோம். அவ நாளைக்கு விலாங்கோட சேத்துத் தொடுகையும் விப்பா. அப்புறம் இங்க யாரு வருவாங்க?"

சர் ஹம்ஃப்ரி உட்கார்ந்தார். பிறகு சாந்தமாகச் சொன்னார்.

"ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, பிள்ளை இங்கயே இருக்கட்டும். அரண்மனைக்குப் பின்னாடி ஒரு வீடு இருக்கு. மத்த நோயாளிகளோட வச்சிருப்போம், நோய் திரும்பி வர்ற வரைக்கும். வந்ததும் மன்னர் முறைப்படி தொடுவார். முறைப்படி குணமாகும். நீர் வந்து கூட்டிட்டுப் போகலாம்."

"வரலைன்னா?"

"அந்த வீட்டுல வராம இருந்ததில்ல."

ஹெஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். பொம்மைக்கு ஏதோ லத்தீனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது?" என்றேன்.

"இவளுக்கு நோயே இருந்ததில்ல."

டிக்பி பக்கத்தைத் திருப்பினார். "பிப்ரவரியில 'அரச நோய்தான், சந்தேகமில்ல'ன்னு நீங்க சொல்லி எழுதியிருக்கு, ஐயா."

"எந்தச் சீட்டுக்கு?"

"இருநூத்திப் பதினாலு."

"அந்தச் சீட்டுல தொட்டது யாரை?"

"தகப்பனை."

"அப்போ நோய் தகப்பனுக்கு. குணமும் அவருக்கு. பிரெஞ்சுத் தூதரே சாட்சி. எல்லாம் சரியா வருது பாரும்!" என் பக்கம் திரும்பினார். தம்மைக் கண்டு அவருக்கே வியப்பு. "இந்தப் பதிவகத்துல தப்பே நடக்காது, வாத்தியாரே. நடந்தாலும் கடைசியில சரியாயிடும். அதுதான் அபிஷேகத்தோட சக்தி. எழுதும் டிக்பி: பிள்ளைக்கு நோய் இருந்ததில்லை. அவளை யாரும் தொட்டதில்லை. கழுவறதுக்கோ, துடைக்கறதுக்கோ, வேற எதுக்கோ, தகப்பன் கை அவமேல பட்டதே இல்ல. அவர் கையெழுத்துப் போடட்டும். நான் போய் மன்னர்கிட்ட ஒண்ணும் நடக்கலைன்னு சொல்லிட்டு வர்றேன்."

அவர் போய்விட்டார். டிக்பி எழுதி முடித்துத் தாளை என் பக்கம் திருப்பினார். நான் படித்தேன். ஒரு தடவைதான் படித்தேன். மனைவி முழு உடல்நலத்தோடு இறந்தாள். எனக்கு இல்லாத நோய் குணமானது. மகளுக்கு இருந்த நோய் இருந்ததில்லை. ஒரு குடும்பம், மூன்று கழுத்துகள். பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லை.

"அவர் திரும்பி வர்ற வரைக்கும் நீங்க போக முடியாது" என்றார் டிக்பி. "அதுவரைக்கும் சாட்சியா நான் இங்க இருக்கணும். இந்தத் தாள்ல இருக்கறது உண்மைதான்னு பாத்துக்கணும்."

கையெழுத்துப் போட்டேன். என் பெயர் ஈரமாகப் பளபளத்தது.

"அப்பா" என்றாள் ஹெஸ்டர். பொம்மை தரையில் விழுந்திருந்தது. கண்ணைக் கசக்கினாள். இரண்டு நாள் நடை. "அப்பா, தூக்கு."

நான் அசையவில்லை. டிக்பி தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்ற அவளைப் பார்த்தார்.

"மை காயலையே" என்றார். "மணல் டப்பா எங்கயோ விழுந்துடுச்சு போல."

குனிந்து மேசைக்கு அடியில் போனார். தரையைத் தடவும் சத்தம் கேட்டது. நான் அவளைத் தூக்கினேன். அவள் கைகளை என் கழுத்தில் போட்டு, காசு குத்தியதால் அதை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு, தழும்பிருந்த பக்கத்தை என் தோளில் வைத்துத் தூங்கிப்போனாள். டிக்பி நெடுநேரம் தேடினார்.

டப்பா மேசைமேல்தான் இருந்தது. வலப்பக்கம், அதே இடத்தில்.